ஹீட் பம்ப் வைத்து வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும்: கணக்கு முதல் பராமரிப்பு வரை

ஹீட் பம்ப் பொருத்தியவர்களிடம் கருத்துக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். வீடு முழுக்க ஒரே சீரான இதம், செலவும் குறைவு என்று ஒரு கட்சி புகழும். காசைக் கரியாக்கிவிட்டோம், வீடும் சூடாகவில்லை என்று இன்னொரு கட்சி புலம்பும். விசாரித்தால் பல நேரங்களில் இரண்டு வீட்டிலும் இருப்பது ஒரே ரக இயந்திரம்தான். வெப்பத்தை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

கிணற்றில் நீர்மட்டம் மேலே இருந்தால் இறைப்பது சுலபம். ஆழத்தில் கிடந்தால் அதே ஒரு குடத்துக்குக் கை கடுத்துப்போகும். ஹீட் பம்ப்பும் இப்படித்தான். வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும், நாம் கேட்கும் நீரின் அல்லது காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை இந்தக் கட்டுரையில் ‘ஏற்றம்’ என்று குறிப்பிடுகிறேன். வாங்குவது, பொருத்துவது, இயக்குவது ஆகிய எல்லாக் கட்டங்களிலும் எடுக்கும் முடிவுகளை இந்த ஏற்றத்தை வைத்தே எடைபோடலாம்.

உள்ளே நடப்பது என்ன

குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையை வீட்டுக்குச் செய்கிறது. குழாய்க்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கக்கூடியது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் புரொப்பேன் சுமார் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலும், ஏ.சி.களில் பயன்படும் ஆர்-32 என்ற குளிர்பதனப் பொருள் சுமார் மைனஸ் 52 டிகிரியிலும் கொதிக்கும். ஆகவே வெளியே பனி உறைந்து கிடந்தாலும், அந்தக் காற்றே அதைக் கொதிக்கவைக்கப் போதுமான அளவு வெப்பம் கொண்டதுதான். ஆவியானதைக் கம்ப்ரசர் அழுத்த, அதன் வெப்பநிலை உயர்கிறது. அந்த வெப்பத்தை வீட்டுக்குள் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. விரிவு வால்வு வழியாக அழுத்தம் இறங்கியதும் பழையபடி குளிர்ந்து வெளிப்பெட்டிக்குப் போகிறது. நான்கு வழி வால்வு ஒன்று இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டால், அதே இயந்திரம் கோடையில் வீட்டின் வெப்பத்தை வெளியே கொட்டும். வெப்பத்தை இப்படி இடம் மாற்றி வீட்டைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எழுதிவைத்தார்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதைச் செயல்திறன் எண், அதாவது சி.ஓ.பி., சொல்கிறது. சாதாரண மின்ஹீட்டருக்கு அது 1. ஹீட் பம்ப்புக்கு 2 முதல் 5 வரை, நிலைமையைப் பொறுத்து. இயற்பியல் அனுமதிக்கும் உச்ச வரம்பைக் கணக்கிட்டால் ஏற்றத்தின் வலிமை புரியும்: வெளியே 0 டிகிரி, நமக்கு வேண்டிய நீர் 35 டிகிரி என்றால் அந்த வரம்பு 8.8. அதே நாளில் 55 டிகிரி நீர் கேட்டால் 6. நடைமுறை இயந்திரங்கள் இந்த வரம்பில் பாதியையோ அதற்கும் குறைவையோதான் தொடும். ஆனாலும் விகிதம் மாறாது. 55 கேட்பவர் 35 கேட்பவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்சாரம் கட்டுகிறார். வீட்டுக்குள் வந்துசேரும் வெப்பம் என்னவோ ஒன்றுதான்.

முதல் படி: வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுதல்

கடைக்காரர் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு இத்தனை கிலோவாட் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். அறைவாரியான கணக்கு வேண்டும். அதன் அடிப்படையை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

சூத்திரம் எளிது. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதுதான் யூ மதிப்பு. சுவர், ஜன்னல், கூரை ஒவ்வொன்றுக்கும் பரப்பளவை அதன் யூ மதிப்பாலும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்க வேண்டும். காற்றோட்டத்தால் போகும் வெப்பத்துக்கு அறையின் கனஅளவு, மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது, வெப்பநிலை வித்தியாசம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதை 0.33-ஆல் பெருக்கினால் வாட் கணக்கில் விடை வரும்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 2.7. மேலும் கீழும் சூடான அறைகள், ஐந்து மீட்டர் சுவர் ஒன்று மட்டும் வெளிப்புறம். உள்ளே 20, வெளியே மைனஸ் 5; வித்தியாசம் 25 டிகிரி. காப்பு இல்லாத பழைய செங்கல் சுவரின் யூ மதிப்பு சுமார் 2. ஜன்னல் போக மீதமுள்ள 11 சதுர மீட்டரில் 550 வாட் போகிறது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 2.5 சதுர மீட்டர், யூ மதிப்பு 2.8: 175 வாட். காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் சுமார் 445 வாட். ஆகமொத்தம் 1,170 வாட்.

இந்தச் சுவருக்குக் காப்பு கொடுத்து யூ மதிப்பை 0.4-க்குக் கொண்டுவந்தால் 550 என்பது 110 ஆகிறது. கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்துக் காற்று மாற்றத்தைப் பாதியாக்கினால் 445 என்பது 223 ஆகிறது. மொத்தம் 510 வாட்டுக்கும் கீழே. அறையும் அதுதான், குளிரும் அதுதான். தேவை பாதிக்கும் குறைவு. இடுக்குகளை அடைக்கும் ரப்பர் பட்டைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். விலை உயர்ந்த இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும் முன் அந்த வேலையை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அடைக்கிறேன் என்று சமையலறை, குளியலறை காற்றுப்போக்கிகளையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது; அடுத்த மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை வரும்.

எல்லா அறைகளின் கூட்டுத்தொகைதான் வீட்டின் தேவை. உங்கள் ஊரின் மிகக் குளிரான நாட்களுக்கான வெப்பநிலையை வைத்து இதைப் போட வேண்டும். கோடைக்குத் தனிக் கணக்கு உண்டு. அங்கே வெயில் விழும் ஜன்னல்களும் கூரையும்தான் பெரும் பங்கு வகிக்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு நிழல் தட்டி போட்டால் குளிர்விக்கும் சுமை கண்கூடாகக் குறையும்.

இரண்டாம் படி: எந்த வகை

காற்றிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நீருக்கு என்று இரண்டு பெரிய வகைகள்.

முதல் வகை நமக்கு நன்கு பழக்கமானதுதான்: சூடும் குளிரும் தரும் ஸ்ப்ளிட் ஏ.சி. ரிமோட்டில் சூரியன் சின்னம் இருந்தால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஹீட் பம்ப் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மின்கம்பிச் சுருளை வைத்துச் சூடாக்கும் சில மாடல்களும் உண்டு. கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குளிரும் வேண்டும், சூடும் வேண்டும், தண்ணீர்க் குழாய் அமைப்பு எதுவும் வீட்டில் இல்லை என்பவர்களுக்கு இதுவே சிறந்தது, மலிவானது. நேராகக் காற்றைச் சூடாக்குவதால் ஏற்றமும் குறைவு. ஆனால் குளிக்கும் வெந்நீர் இதில் கிடைக்காது.

இரண்டாம் வகை நீரைச் சூடாக்கித் தரைக்கடிக் குழாய்களுக்கோ, சுவரோரம் நின்று அறைக்கு வெப்பம் தரும் உலோகப் பலகைகளான ரேடியேட்டர்களுக்கோ அனுப்பும். வெந்நீர்த் தொட்டியையும் நிரப்பும். எரிவாயுவால் நீரைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும் பாய்லர் இருந்த வீடுகளுக்கு இயல்பான மாற்று இது. இதிலும் இரண்டு உண்டு. மோனோபிளாக் என்றால் குளிர்பதனச் சுற்று முழுவதும் வெளிப்பெட்டிக்குள் அடங்கிவிடும், வீட்டுக்குள் வருவது தண்ணீர் மட்டும். ஸ்ப்ளிட் என்றால் குளிர்பதனக் குழாய் வீட்டுக்குள் வரும். கடுங்குளிரில் மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் மோனோபிளாக் வைத்தால், வெளியே உள்ள நீர் உறையாமலிருக்க உறைதடுப்பு வால்வோ, கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்) கலந்த நீரோ கட்டாயம்.

குளிர்பதனப் பொருளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புவி வெப்பமாக்கும் ஆற்றல், கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், ஆர்-410ஏ-வுக்கு 2,088. ஆர்-32-க்கு 675. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு வெறும் 3. புரொப்பேன் இயந்திரங்கள் 70 டிகிரிக்கு மேலும் நீரைச் சூடாக்க வல்லவை. ஆனால் அது எரியக்கூடியது, காற்றைவிடக் கனமானது. ஆகவே அந்த வெளிப்பெட்டியைச் சாக்கடைத் துளை, நிலவறை ஜன்னல் ஆகியவற்றின் அருகே வைக்க விதிகள் விடாது. 70 டிகிரி வரும் என்பதற்காக 70 வைத்து ஓட்டவும் வேண்டாம். ஏன் என்று மேலே பார்த்தோம்.

மூன்றாம் படி: ரேடியேட்டர் போதுமா என்று சோதித்தல்

பாய்லர் உள்ள வீட்டுக்காரர்கள் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கடும் குளிர் உள்ள ஒரு வாரத்தில் பாய்லரின் நீர் வெப்பநிலையை 50 டிகிரிக்கு இறக்கி, நாள் முழுக்க ஓடவிடுங்கள். எல்லா அறைகளும் இதமாக இருந்தால் வீடு தயார். இரண்டு அறைகள் மட்டும் குளிர்ந்தால் அந்த அறைகளின் ரேடியேட்டர்களை மட்டும் பெரிதாக்கினால் போதும். வீடு முழுக்கக் குளிர்ந்தால் முதல் படிக்கே திரும்பிப் போய்க் காப்பு வேலையைப் பாருங்கள்.

ரேடியேட்டரின் திறன் பொதுவாக, நீரின் சராசரி வெப்பம் அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது அளக்கப்பட்டது. நீர் 45-இல் போய் 40-இல் திரும்பினால் 20 டிகிரி அறையோடு வித்தியாசம் 22.5 தான். அப்போது அந்தத் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். 1,500 வாட் என்று பட்டியலில் உள்ள ரேடியேட்டர் 530 வாட் கொடுக்கும். மேலே பார்த்த அறைக்கு, காப்பு செய்த பிறகு, அது சரியாகப் போதும். காப்பு செய்வதற்கு முன் போதவே போதாது.

நான்காம் படி: அளவு

பெரிதாக வாங்கிவிட்டால் பயமில்லை என்ற நினைப்பு இங்கே செல்லாது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. பொதுவாக உச்சத் திறனில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ. ஆண்டின் பெரும்பகுதி மிதமான குளிர்தான். அந்த நாட்களில் வீட்டின் தேவை அடிமட்டத்துக்கும் கீழே இருந்தால் இயந்திரம் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும். திறனும் போகும், கம்ப்ரசரின் ஆயுளும் குறையும். குளிர்விக்கும்போது தொல்லை இன்னொன்று: பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. சில்லென்று, ஆனால் பிசுபிசுவென்று ஓர் அறை.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. சூடாக்கும் திறன் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. உங்கள் குளிர்நாளின் வெப்பநிலையிலும் நீங்கள் அனுப்பப்போகும் நீரின் வெப்பநிலையிலும் எத்தனை கிலோவாட் வரும் என்ற அட்டவணை தயாரிப்பாளரிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி. டன் கணக்கில் பழகியவர்களுக்கு: ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட்.

செலவு கட்டுபடியாகுமா என்பதை ஒரே வரியில் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை, அதே அளவு ஆற்றல் தரும் எரிவாயுவின் விலையால் வகுத்து, பாய்லரின் திறனால் பெருக்குங்கள். மின்சாரம் மூன்று மடங்கு விலை, பாய்லர் திறன் 90 சதவீதம் என்றால் விடை 2.7. ஹீட் பம்ப்பின் பருவகாலச் செயல்திறன் எண், அதாவது குளிர்காலம் முழுமைக்குமான சராசரி சி.ஓ.பி., அதற்கு மேல் இருந்தால் லாபம்.

ஐந்தாம் படி: இடம் பார்த்துப் பொருத்துதல்

வெளிப்பெட்டிக்குக் காற்று தாராளமாக வேண்டும். மூலையில் ஒடுக்கி வைத்தாலோ, அழகுக்காக மரப்பெட்டி கட்டி மூடினாலோ, தான் துப்பிய குளிர்காற்றைத் தானே திரும்ப இழுக்கும், ஏற்றம் கூடும். பின்புறமும் முன்புறமும் எவ்வளவு இடம் என்பது கையேட்டில் இருக்கும், அதைச் சென்டிமீட்டர் பிசகாமல் கேளுங்கள். தரையிலிருந்து உயர்த்தி, அதிர்வு தாங்கும் ரப்பர் கால்களில் நிறுத்த வேண்டும். அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து வைத்தால் உறவு கெடும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் இரண்டு சுவர் சேரும் மூலையில் எதிரொலித்துக் கூடும்.

குளிர்காலத்தில் வெளிப்பெட்டியிலிருந்து நாளுக்குப் பல லிட்டர் நீர் வழியும். அது நடைபாதையில் ஓடினால் இரவில் கண்ணாடிபோல் உறைந்து ஆளை வழுக்கிவிடும். கீழே ஜல்லிக் குழி வெட்டுங்கள்.

நீர் வகையில் குழாயின் விட்டம் பலர் மறப்பது. 8 கிலோவாட் வெப்பத்தை, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். பழைய ஒல்லிக் குழாய்கள் அதைத் தாங்காது. பழைய அமைப்பைக் கழுவி, துருத் துகளைப் பிடிக்கும் காந்த ஃபில்ட்டர் போட்ட பிறகே புதிய இயந்திரத்தை இணைக்க வேண்டும்.

ஸ்ப்ளிட் வகையில் தொழிலாளி செய்வதைக் கூடவே நின்று பாருங்கள். நைட்ரஜன் அடைத்து அழுத்தச் சோதனை, பிறகு வேக்குவம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் முழுமையாக உறிஞ்சுதல், அந்த வேக்குவம் நிலைத்து நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்தல். இந்த மூன்றையும் செய்யாமல், கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டேன் என்று சொல்பவரை அனுமதிக்காதீர்கள். குழாய்க்குள் தங்கும் ஈரம் கம்ப்ரசரை மெல்ல அரிக்கும்.

ஆறாம் படி: சரியாக இயக்குதல்

பாய்லர் பழக்கத்தை விட்டொழிப்பதுதான் பெரும்பாடு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று கொதிக்கவிட்டு நிறுத்துவது ஹீட் பம்ப்புக்கு ஒத்துவராது. ஆறிப்போன வீட்டைச் சீக்கிரம் சூடாக்க அதிக வெப்ப நீர் வேண்டும். அதாவது அதிக ஏற்றம். இளஞ்சூட்டு நீரை நாள் முழுக்க ஓடவிடுங்கள். இரவில் இறக்குவதானால் இரண்டு டிகிரிக்குமேல் வேண்டாம்.

வெளிவெப்பத்துக்கு ஏற்ப நீரின் வெப்பத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது வெப்பக்கோடு, எல்லா நல்ல இயந்திரங்களிலும் இருக்கிறது. வெளியே இத்தனை டிகிரி என்றால் நீர் இத்தனை டிகிரி என்று காட்டும் வரைபடக் கோடு அது. பொருத்துபவர்கள் புகார் வரக்கூடாது என்று அந்தக் கோட்டை உயரமாக வைத்துவிட்டுப் போவது வழக்கம். இதை நீங்கள் திருத்தினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் மிச்சம்.

செய்முறை இது. எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுக்கத் திறந்து, அறைத் தெர்மோஸ்டாட்டை உயர்த்தி வைத்து அது குறுக்கிடாமல் செய்யுங்கள். நீரின் வெப்பத்தை இரண்டு டிகிரி இறக்குங்கள். ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருங்கள். வீடு மெதுவாகத்தான் பதில் சொல்லும். இன்னும் இதமாக இருந்தால் மேலும் இரண்டு இறக்குங்கள். ஏதாவது ஓர் அறை குளிரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு டிகிரி ஏற்றிவிடுங்கள். பிறகு கவனிக்க வேண்டியது: மிதமான நாட்களிலும் கடுங்குளிர் நாட்களிலும் ஒரேபோல் குளிர்ந்தால் கோட்டை முழுதாக மேலே தூக்க வேண்டும். கடுங்குளிரில் மட்டும் குளிர்ந்தால் கோட்டின் சாய்வைக் கூட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் மாதக்கணக்கில் பித்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

வெந்நீர்த் தொட்டியை 48 முதல் 50 டிகிரியில் வைத்து, வெளியே காற்று வெப்பமாக இருக்கும் பிற்பகலில் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றும் அமைப்பை அணைத்துவிடாதீர்கள்.

ஈரமான குளிர்காலக் காலையில் ஒரு காட்சி பலரைப் பதறவைக்கும். வெளிப்பெட்டியின் பின்புறச் சுருள் வெண்பனி படர்ந்து மூடியிருக்கும். திடீரென மின்விசிறி நிற்கும். ‘புஸ்’ என்று வால்வு திரும்பும் சத்தம். அடுத்த நிமிடம் சுருளிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழ, பெட்டி முழுக்க வெண்ணிற ஆவி கிளம்பும். தீப்பிடித்துவிட்டது என்று ஓட வேண்டாம். உறைபனி நீக்கும் சுற்று அது; இயந்திரம் சில நிமிடங்கள் ஓட்டத்தைத் திருப்பி, வீட்டிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை எடுத்து வெளிச்சுருளை உருக்குகிறது. வறண்ட மைனஸ் 10 டிகிரியைவிட, 0 முதல் 5 டிகிரி வரையான ஈரக்காற்றில்தான் இது அடிக்கடி வரும். பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சுற்று முடிந்தும் பனி அப்படியே இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

கோடையில்

ஸ்ப்ளிட் ஏ.சி. வகையில் சொல்ல அதிகமில்லை: குளிர்விக்கும்போது காற்றுத் தட்டை மேல்நோக்கியும், சூடாக்கும்போது கீழ்நோக்கியும் வையுங்கள், வெப்பநிலையை 25, 26-க்குக் கீழே இறக்க அவசரப்படாதீர்கள். புழுக்கமான நாளில் விசிறியை மெதுவாக வைத்தால் ஈரம் நன்றாக இறங்கும்.

தரைக்கடிக் குழாயில் குளிர்நீர் ஓட்டுவதுதான் கவனம் கோருவது. தரையின் வெப்பநிலை பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனால் தரை வியர்க்கும். அறை 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 17 டிகிரிக்கு மேல், 18-க்குள். அப்போது 20 டிகிரித் தரை பத்திரமாக இருக்கும். அறை 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை 23-ஐத் தாண்டிவிடும். தரைக்குளிர்ச்சியால் பயனே இல்லை. அப்படிப்பட்ட இடங்களில், குளிர்நீர் ஓடும் சுருள்மேல் விசிறியால் காற்றை ஊதும் விசிறிச் சுருள் பெட்டிகள் வையுங்கள். அவற்றுக்கு வடிகால் குழாய் வேண்டும், நீர்க் குழாய்கள் அனைத்துக்கும் இடைவெளியில்லாத காப்புறை வேண்டும். சாதாரண ரேடியேட்டரில் குளிர்நீர் விடவே கூடாது. அடியில் குட்டை கட்டிவிடும்.

பராமரிப்பும் புகார்களும்

தொடர்ந்து ஓடும் காலத்தில் உட்பெட்டியின் ஃபில்ட்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளிச்சுருளில் படியும் இலை தழைகளை மெல்லிய தூரிகையால் எடுங்கள்; அதிவேக நீர்ப் பீச்சியால் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். நீர் அமைப்பின் அழுத்தம் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

அவர் ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். குளிர்பதனப் பொருள் எரிபொருள்போல் தீர்ந்துபோவதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும்.

இயந்திரத்துக்கென்று தனி மின்மீட்டர் போட்டுவிடுங்கள். முடிந்தால் வெப்ப மீட்டரும். மாதம் ஒருமுறை வெப்பத்தை மின்சாரத்தால் வகுத்துக் குறித்துவைத்தால் சி.ஓ.பி. கையில் இருக்கும். அந்த எண் ஒரு மாதத்தில் 3.5-இலிருந்து 2.3-க்கு இறங்கியிருந்தால், முதலில் வெளியே எவ்வளவு குளிர் இருந்தது என்று பாருங்கள். அது காரணமில்லையென்றால் ஃபில்ட்டர், பிறகு யாராவது வெப்பக்கோட்டை மாற்றினார்களா என்பது. அதற்கும் பிறகு, கடுங்குளிரில் கைகொடுக்க இயந்திரத்தோடு வரும் துணை மின்ஹீட்டரின் பகுதியை அமைப்புப் பட்டியலில் திறந்து அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகோ பழுதுபார்த்த பிறகோ அது தொடர்ந்து எரியும்படி மாறிவிடுவதுண்டு. வீடு சூடாகவே இருப்பதால், மின்கட்டண ரசீது வரும்வரை யாருக்கும் தெரியாது.